தொடக்க வகுப்பில் நிறமும் பிறப்பும்: ஆறு வழிகளில் எது யாருக்கு?

நெல்லைச் சீமையின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், குறிப்பாகப் பணிக்குப் புதிதாக வந்தவர்கள், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளிடம் தோல் நிறத்தையும் பிறப்பையும் வைத்து மனிதர்களைப் பிரிப்பதைப் பற்றிப் பேசலாமா? பேசுவதென்றால் பாடமாகவா, கதையாகவா, விழாவாகவா? வாயால் எதுவும் சொல்லாமல் நடத்தையில் காட்டினால் போதாதா? பெற்றோரும் இதையே வேறு விதமாகக் கேட்கிறார்கள்: "சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு டீச்சர்?"

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் சாதிப் பகையால் சொந்த வீட்டுக்குள்ளேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வழக்கில் சேர்க்கப்பட்டவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன்பின் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்லுமாறு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு பற்றி அப்போது எல்லோரும் பேசினார்கள். ஆனால் பேச்சு முழுவதும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளைச் சுற்றியே நின்றது. கயிறு கட்டும் வயதுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் என்ன செய்யலாம் என்பதை யாரும் அவ்வளவாக விவாதிக்கவில்லை.

நம் வகுப்பறையும் முன்புபோல் இல்லை. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் சில பள்ளிகளில் இருக்கிறார்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் உண்டு. பாபநாசம் மலைமேல் காணி மக்களின் பிள்ளைகள் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையப் பணிக்காக வந்த ரஷ்யக் குடும்பங்கள் செட்டிகுளம் குடியிருப்பில் தங்கியதால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வெள்ளைத்தோல் மனிதர்களைக் கடைத்தெருவிலேயே பார்த்து வளர்கிறார்கள். இத்தனைக்கும் நடுவே இடைவேளையில் காதில் விழுவது "கரிச்சட்டி", "கறுப்பி", "சப்பமூக்கு", "இந்திக்காரன்". இன்னும் மோசமான, சாதியைச் சுட்டும் சொற்களும் விழும். அவற்றை இங்கே எழுத விருப்பமில்லை.

## எதைக் கொண்டு அளப்பது

வழிகளை ஒப்பிடுமுன் எனக்கு முக்கியமாகப் படும் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ஏற்கெனவே அடிபட்ட பிள்ளையைக் காட்சிப் பொருளாக்குகிறதா? இதில் தவறும் எந்த வழியையும் மற்ற நன்மைகளுக்காக ஏற்க மாட்டேன். இரண்டாவது, அந்த வயதுக்குப் புரியுமா? ஆறு வயதுப் பிள்ளைக்கு நியாயம், அநியாயம் நன்றாகத் தெரியும், வரலாறு தெரியாது. மூன்றாவது, மைதானத்தில் ஏதாவது மாறுகிறதா? பிள்ளை மேடையில் சொல்வதை விட, விளையாட்டுக்கு அணி பிரிக்கும்போது யாரைக் கடைசிவரை நிற்க வைக்கிறது என்பதுதான் சரியான சோதனை. நான்காவது, ஆசிரியர் மாறுதலாகிப் போனபின்னும் நிற்குமா? ஐந்தாவது, பணமும் நேரமும் எவ்வளவு? ஈராசிரியர் பள்ளியில் ஒருவரே மூன்று வகுப்புகளைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. கடைசியாக, பெற்றோர் வந்து நின்றால் பதில் சொல்ல முடியுமா?

## வழி 1: "எல்லோரும் ஒன்றுதான்" என்று சொல்லிவிட்டு நகர்வது

மிகப் பலர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். செலவு இல்லை, புகாரும் வராது. பேசினால்தான் பிள்ளைகளுக்கு வேற்றுமை தெரியும், பேசாவிட்டால் தெரியாது என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை.

அந்த நம்பிக்கை தவறானது. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, நிறத்தைத் தவிர எல்லா வகையிலும் ஒன்றுபோல் இருந்த பொம்மைகளை மூன்று முதல் ஏழு வயதுள்ள கறுப்பினப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். எது நல்ல பொம்மை என்று கேட்டபோது பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஆய்வையும் சுட்டியது. யாரும் பாடம் நடத்தி அந்தப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. நம் ஊரில் குழந்தை பிறந்ததும் "நிறம் யாரைப்போல?" என்று விசாரிப்பதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கும் யாரும் தனியாகச் சொல்லித் தரத் தேவையில்லை.

இதில் கண்ணுக்குத் தெரியாத விலை ஒன்று இருக்கிறது. "கரிச்சட்டி" என்று அழைக்கப்பட்ட பிள்ளை முதலில் டீச்சரின் முகத்தைத்தான் பார்க்கிறது. அவர் காதில் விழாததுபோல் இருந்தால், அந்தச் சொல்லுக்கு அவரும் உடன்பட்டதாகவே எடுத்துக்கொள்கிறது.

இருந்தாலும் இந்த வழி பொருந்தும் நேரம் உண்டு. ஊரில் மோதல் நடந்து சூடு அடங்காத நாட்களில் வகுப்பில் பேச்சைத் தொடங்க வேண்டாம். புதிய ஊருக்கு மாறுதலில் வந்த ஆசிரியர், யார் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், எதற்கு யார் புண்படுவார்கள் என்று அறியும்வரை சில வாரங்கள் கவனித்துக்கொண்டிருப்பதும் நல்லது. அதற்கு மேல் நீட்டிக்க ஒரு காரணமும் இல்லை.

## வழி 2: விழா, மாறுவேடம்

"வேற்றுமையில் ஒற்றுமை" என்று ஆண்டு விழாவில் ஆளுக்கொரு மாநில உடை. பார்க்க அழகாக இருக்கும், பெற்றோரும் திரண்டு வருவார்கள். ஆனால் ஆப்பிரிக்கர் என்று ஒரு பிள்ளையின் முகத்தில் கரி பூசி, பழங்குடி என்று இன்னொரு பிள்ளைக்கு இலை கட்டி விடும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. காணிக் குடும்பத்துப் பிள்ளை அதே பள்ளியில் படித்தால் அது எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்ளும்? வாடகை உடைக்குக் கொடுக்கப் பணமில்லாத வீடுகளின் பிள்ளைகள் அன்றைக்கு வராமலே இருந்துவிடுவதும் உண்டு. ஆண்டு முழுவதும் கதை, ஓவியம் என்று வேலை நடந்த பள்ளியில், அவற்றைப் பெற்றோருக்குக் காட்டும் நாளாக விழா நடந்தால் சரி. விழா மட்டும்தான் என்றால் வேண்டாம்.

## வழி 3: பாகுபாட்டை நடித்துக் காட்டும் சோதனை

இணையத்தில் இதைப் பார்த்துவிட்டு உற்சாகமாகக் கேட்பவர்கள் அதிகம், அதனால் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூரில் ஜேன் எலியட் என்ற ஆசிரியர் தம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவினர் உயர்ந்தவர்கள் என்றார். அவர்களுக்குக் கூடுதல் இடைவேளையும் சலுகைகளும் கொடுத்தார். பின்னர் நிலைமையைத் தலைகீழாக மாற்றினார். தாழ்ந்தவர்கள் என்று சொல்லப்பட்ட பிரிவின் பிள்ளைகள் ஒரே நாளில் சுருண்டுபோனார்கள். உலகம் முழுவதும் பேசப்பட்ட சோதனை அது.

அதை இங்கே செய்யலாமா? கூடாது என்றே சொல்வேன். எலியட்டின் வகுப்பில் இருந்தவர்கள் அனைவரும் வெள்ளைப் பிள்ளைகள். அவர் ஒட்டிய முத்திரை பொய்யானது, சில நாட்களில் கழற்றி எறியக்கூடியது. மாலையில் வீட்டுக்குப் போனால் எந்தத் தெருவிலும் அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. நம் வகுப்பில் அப்படியல்ல. சிவப்பு அட்டை, பச்சை அட்டை என்று பிரித்தால்கூட, தேநீர்க் கடைத் தனிக் குவளை என்ற சொல்லைத் தாத்தாவிடம் கேட்டிருக்கும் பிள்ளை ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். மற்றவர்களுக்கு அது ஒருநாள் நடிப்பு. அந்தப் பிள்ளைக்கு அது வீட்டுக் கதை. முதல் அளவுகோலிலேயே இந்த வழி விழுந்துவிடுகிறது. வண்ணத்தை வைத்து அணி பிரிப்பதே கயிற்றின் நிறம் பேசும் மாவட்டத்தில் விபரீதம். பிள்ளைகளுக்கு மன உளைச்சல் தருவதைக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் (2009) தடுக்கிறது.

பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களிடையே, முன்கூட்டிச் சொல்லி, சம்மதம் வாங்கிச் செய்து பார்க்கலாம். பெரியவர்களுக்கு அதில் கற்க நிறைய உண்டு.

## வழி 4: அறிவியல் பாடமாக

நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு மிகப் பொருத்தமானது. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்கள் எல்லா மனிதரிடமும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு மெலனின் சுரக்கின்றன, எந்த வகை என்பதில்தான் வேறுபாடு. வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமையாக விழும் நிலங்களில் கறுத்த தோல் உடலைக் காத்தது. வெயில் குறைந்த நிலங்களில் வைட்டமின் டி தயாரிக்க வெளுத்த தோல் உதவியது. தலைமுறை தலைமுறையாக நடந்த மாற்றம் இது. எந்த இரண்டு மனிதர்களை எடுத்தாலும் அவர்களின் மரபணு வரிசையில் ஏறத்தாழ 99.9 விழுக்காடு ஒன்றாகவே இருக்கும்.

இதைக் கரும்பலகையில் எழுதிப் போடுவதை விட மைதானத்தில் காட்டலாம். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டு வைத்த குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிடும். ஏப்ரலில் தேர்வு நெருங்கிவிடும் என்பதால் ஆகஸ்டே வசதி. சூரியன் இப்படி விழும் நிலத்தில் நம் முன்னோரின் தோல் எதற்குக் கறுத்தது என்று அந்த இடத்திலேயே கேட்டால், பிள்ளைகள் பதிலைத் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். "வெயிலால்தான் கறுப்பு" என்று அரைகுறையாக நின்றுவிட்டால், வெயிலில் போகாவிட்டால் வெளுத்துவிடலாம் என்று பிள்ளை எண்ணும். பவுடரும் கிரீமும் விற்பவர்கள் சொல்வதும் அதைத்தான். மற்றது, அறிவியல் நிறத்தை விளக்கும், சாதியை விளக்காது. சாதிக்கு உடலில் அடையாளம் எதுவும் இல்லை. ஒரே வீட்டில் அக்கா மாநிறமாகவும் தம்பி கறுப்பாகவும் இருப்பதைப் பிள்ளைகள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால், நிறத்தைப் பார்த்துச் சாதியைக் கணிக்கும் பழக்கத்தின் வேர் கொஞ்சம் ஆடும்.

## வழி 5: கதையும் வண்ணமும்

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை நான் முதலில் பரிந்துரைப்பது இதை.

உங்கள் முகத்தை வரையுங்கள் என்று சொன்னால், கறுத்த பிள்ளைகளில் பலர் வெளிர் ரோஜா நிறக் கிரேயானைத்தான் எடுப்பார்கள். பெட்டியில் மனிதத் தோலுக்கென்று இருப்பது அது ஒன்றுதான் என்று பழகியிருக்கிறார்கள். அதைத் திருத்தி அறிவுரை சொல்வதை விட, வேறு வண்ணங்களைக் கைக்குக் கொடுப்பது மேல். நம் சீமையில் அதற்குக் காசே வேண்டாம். திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மணல், தாமிரபரணிக் கால்வாயில் படியும் வண்டல், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல், சுண்ணாம்பு, அடுப்புக்கரி. இவற்றை நன்றாகச் சலித்துப் பசையோடு குழைத்தால் நல்ல வண்ணங்கள் கிடைக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் கைக்குப் பக்கத்தில் தூரிகையை வைத்துப் பார்த்துக் கலந்துகொண்டே போகட்டும். ஒரு வகுப்பில் இரண்டு பேருக்கு ஒரே கலவை வராது. கறுப்பு, சிவப்பு என்ற இரண்டே பெட்டிகளில் மனிதர்கள் அடங்க மாட்டார்கள் என்பது அங்கே கையில் புலப்படும். ஒன்றை மட்டும் காத்துக்கொள்ளுங்கள்: யாருடைய கலவைக்கும் மற்றவர் பெயர் சூட்டக் கூடாது. பெயர் வைப்பது அந்தப் பிள்ளையின் உரிமை.

கதைக்கும் இதே கவனம் வேண்டும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகளையும் பார்க்கலாம். தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான். கறுத்த பிள்ளை, மலையில் வாழும் பிள்ளை, வேற்று மொழிப் பிள்ளை கதையில் என்ன செய்கிறது? அழுதுகொண்டே இருந்து யாராலோ காப்பாற்றப்படுகிறதா, அல்லது பட்டம் விடுகிறதா, சண்டை போடுகிறதா, கணக்குப் போடுகிறதா? துன்பக் கதைகளை மட்டுமே படித்துக் காட்டினால், மற்றப் பிள்ளைகளுக்கு அவர்கள்மேல் இரக்கம் வரும், நட்பு வராது. ஒடிசாப் பிள்ளை வகுப்பில் இருந்தால், கதையில் வரும் பூனைக்கும் மழைக்கும் அதன் மொழியில் என்ன சொல் என்று கேட்டு எல்லோரும் சொல்லிப் பார்க்கலாம். அதுவரை தமிழ் தெரியாத பிள்ளையாக இருந்தது, அந்தப் பத்து நிமிடம் மற்றவர்களுக்குச் சொல்லித் தரும் பிள்ளையாகிவிடும். ஆனால் "உங்கள் ஊர் எப்படி, ஏன் வந்தீர்கள்?" என்று வகுப்பு நடுவில் எழுப்பி நிறுத்திக் கேட்க வேண்டாம். முகாம் பிள்ளைகளிடம் இது இன்னும் முக்கியம்.

இதன் விலை நேரம். கதையை ஆசிரியர் முன்கூட்டிப் படித்திருக்க வேண்டும், வாரம் ஒரு பாடவேளையாவது ஒதுக்க வேண்டும். பயன் உடனே தெரியாது. இடைவேளையில் சொல்லும் பட்டப்பெயர்கள் மெல்லத்தான் குறையும்.

## வழி 6: உட்காரும் இடமும் உண்ணும் பந்தியும்

பாடமே நடத்தாமல் வகுப்பறையின் ஏற்பாட்டை மாற்றுவது இது. சந்துரு குழு மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்கச் சொன்னது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றது. தொடக்கப் பள்ளியில் இன்னும் மேலே போகலாம். வாரந்தோறும் இடம் மாற்றலாம். அணி பிரிக்கும் வேலையைத் தலைவனிடம் விடாமல் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கலாம். தண்ணீர் மொண்டு கொடுப்பது, கூட்டுவது, கரும்பலகை துடைப்பது எல்லாவற்றையும் முறை வைத்து எல்லோரும் செய்யட்டும். 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு உண்டு. மதியச் சாப்பாட்டோடு சேர்த்தால் ஒரு நாளில் இரண்டு பந்திகள். யார் பக்கத்தில் யார் என்பதை ஆசிரியர் தீர்மானித்தால், எந்தப் புத்தகமும் தராத பாடம் அது.

பந்தியின் வலிமைக்கு நம் சீமையிலேயே சான்று இருக்கிறது. வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மாதேவியில் தொடங்கிய குருகுலம் தேசியக் கல்விக்காகவே நிறுவப்பட்டது. ஆனால் அங்கே பிராமண மாணவர் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. 1924, 1925இல் அப்போது காங்கிரஸ் தலைவர்களாக இருந்த வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் எழுப்பிய கண்டனத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரஸே ஆட்டம் கண்டது. வகுப்பில் சொல்லித் தரப்பட்ட தேசபக்தியை இன்றைக்கு யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. பந்தியில் இருந்த பிரிவு நூறாண்டு கழித்தும் பேசப்படுகிறது.

செலவு ஏதுமில்லை, எந்த வயதுக்கும் பொருந்தும், தலைமையாசிரியர் எழுதி வைத்துவிட்டால் ஆசிரியர் மாறினாலும் நிற்கும். எதிர்ப்பு வந்தால் பள்ளியின் பொது விதி என்று சொல்லிவிடலாம். குறை என்னவென்றால், ஏன் என்று தெரியாமல் கடைப்பிடித்த விதி பள்ளி வாசலோடு நின்றுவிடும்.

இதே தலைப்பில் சொல்ல வேண்டிய இன்னொன்று. உதவித்தொகைக்கோ சான்றிதழுக்கோ விவரம் சேர்க்கும்போது "எஸ்.சி. பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்று வகுப்பில் கேட்கும் பழக்கம் எங்காவது இருந்தால், மேலே சொன்ன எந்த வழியும் பலிக்காது. அந்த விவரத்தைப் பெற்றோரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

## அமெரிக்காவைப் பேசிவிட்டு நம் ஊரை விட்டுவிடுவது

வழிகளைத் தாண்டி ஒரு தேர்வு இருக்கிறது: எதைப் பற்றிப் பேசுவது? தோல் நிறம், தென்னாப்பிரிக்கா, அமெரிக்கக் கறுப்பின மக்கள் பற்றி நாம் தாராளமாகப் பேசுவோம். அதில் நமக்கு ஆபத்து இல்லை. வகுப்பில் இருக்கும் எந்தக் குடும்பமும் அதில் குற்றவாளியாகாது. சாதிக்கு வந்ததும் குரல் தாழ்ந்துவிடுகிறது.

நிறத்திலிருந்து தொடங்குவது சரிதான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு அது கண்ணுக்குத் தெரிவது, பட்டப்பெயராகத் தினமும் வருவது. ஆனால் நான்காம் வகுப்பிலும் அங்கேயே நின்றால், அநியாயம் என்பது கடலுக்கு அப்பால் வெள்ளைக்காரர்கள் செய்வது என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். தமிழ்நாட்டுப் பாடநூலின் தொடக்கத்திலேயே தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று அச்சிட்டிருக்கிறது. பிள்ளைகள் அதைத் தினமும் புரட்டிப் போகிறார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து, அதன் பொருளைச் சட்டம் எப்படிச் சொல்கிறது என்று பேச யாருடைய அனுமதியும் தேவையில்லை. யார் எந்தச் சாதி என்று கேட்காமலேயே, யார் பெயரும் எடுக்காமலேயே அதைப் பேச முடியும், பேச வேண்டும்.

## ஒரு பார்வையில்

| வழி | பொருந்தும் வகுப்பு | வெளிச்செலவு | மறைந்த விலை |
|---|---|---|---|
| பேசாதிருத்தல் | எதுவுமில்லை. சில வாரங்களுக்கு மட்டும் | இல்லை | அடிபட்ட பிள்ளையின் நம்பிக்கை |
| விழா | எல்லாம், ஆண்டிறுதியில் | உடை வாடகை | கேலிச் சித்திரிப்பு |
| நடிப்புச் சோதனை | பெரியவர்களுக்கு மட்டும் | இல்லை | பழைய காயம் |
| அறிவியல் | 4, 5 | மிகக் குறைவு | அரைகுறை விளக்கம் |
| கதை, வண்ணம் | 1 முதல் 3 | வாரம் ஒரு பாடவேளை | தவறான கதைத் தேர்வு |
| இருக்கை, பந்தி | எல்லாம் | இல்லை | காரணம் சொல்லாவிட்டால் வெறும் விதி |

## யாருக்கு எது

ஈராசிரியர் பள்ளியில், ஒரே ஊர்ப் பிள்ளைகள் மட்டும் வரும் இடத்தில், ஆறாவது வழியை ஜூன் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். பள்ளி திறந்த முதல் நாட்களில் இடம் மாற்றினால் அது வழக்கமாகிவிடும். அக்டோபரில் மாற்றினால் யாரைக் குறிவைத்து என்று ஊர் கேட்கும். அதன்மேல் வாரம் ஒரு கதை போதும்.

பாளையங்கோட்டை போன்ற நகரப் பள்ளிகளில், ஆசிரியர்கள் போதுமான அளவில் இருந்தால், கீழ் வகுப்புகளில் ஐந்தாவது வழி, மேல் வகுப்புகளில் நான்காவது வழி என்று பிரித்துக்கொள்ளலாம். அங்கே பல பிள்ளைகளுக்குப் பந்திக்குப் பதில் வீட்டுச் சாப்பாட்டு டப்பா. யாருடைய டப்பாவில் என்ன கறி என்பது பற்றிய முகச்சுளிப்பும் நிறப்பேச்சைப் போலவே கவனிக்க வேண்டியது.

சூளைப் பிள்ளைகளோ முகாம் பிள்ளைகளோ படிக்கும் பள்ளியில் கதையோடு தொடங்குங்கள், அதுவும் மொழியிலிருந்து. சூளைக் குடும்பங்கள் மழைக்காலத்தில் ஊர் திரும்பிவிடக்கூடும் என்பதால் ஆண்டுத் திட்டம் அவர்களுக்கு ஒத்துவராது, தனித்தனியாக முடியும் சிறு பாடங்களே ஒத்துவரும்.

சாதி மோதல் நடந்து தணிந்த ஊர் என்றால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதலில் சொல்லிவிட்டு இருக்கை மாற்றத்தைச் செய்யுங்கள். ஒரு தந்தை வந்து, "என் பிள்ளையை ஏன் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்தீர்கள்?" என்று கேட்டால் விவாதத்தில் இறங்க வேண்டாம். "அண்ணாச்சி, வாரா வாரம் எல்லோரும் மாறுகிறார்கள், அடுத்த வாரம் உங்கள் பிள்ளை வேறு இடத்தில் இருப்பான், இது பள்ளி முழுவதற்கும் உள்ள முறை" என்று சொல்லி, குழுக் கூட்டத்தின் தீர்மானப் பதிவைக் காட்டுங்கள். அந்தப் பதிவில் தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் கையெழுத்திட்டிருப்பதை ஜூனிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.